தேயிலைத் தோட்டத்துக் கிளினிக்குக்குத் தடுப்பூசி மருந்து கொண்டுபோகும் முறை

தாதிய மாணவர்கள் ஊசி போடுவதை நினைத்துத்தான் பதறுவார்கள். கை நாலு நாளில் பழகிவிடும். மருந்து கெடுவது அதற்கு முன்பே, குளிர்ப்பெட்டிக்குள். அதுவும் ஹற்றன், நுவரெலியா மலைநாட்டுக் குளிரில் வெயிலைவிட உறைவுக்கே நான் பயப்படுவேன்.

1. முதல் நாளே மிட்வைப்பிடம் (மருத்துவமாது) பிள்ளைகளின் பட்டியலை வாங்குங்கள். 2, 4, 6 மாதத்துக்கு ஐங்கூட்டு ஊசியும் (ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசி) போலியோ சொட்டும், 9 மாதத்துக்கு எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா ஊசி), 12 மாதத்துக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி. அதை வைத்தே குப்பிகளை எண்ணுங்கள்.

2. ஃப்ரீசரில் எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே பெட்டிக்குள் வைக்கவே கூடாது. மேசைமேல் பரப்பி வையுங்கள். வெளியே வியர்க்கும், அது போதாது. காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் 'சளக்' என்று அசைய வேண்டும். கொழும்பில் பழகியவர் மணிக்கூட்டைப் பார்த்து எடுத்துவிடுவார். இங்கே காலைக் குளிரில் அதைவிட நேரமெடுக்கும். காதை நம்புங்கள். அவசரப்பட்டால் பேக்கை ஒட்டியிருக்கும் ஐங்கூட்டுக் குப்பி உறைந்துவிடும். அதிலுள்ள அலுமினிய உப்பு திரண்டு, மருந்து வீரியம் இழக்கும். உருகிய பிறகு சும்மா பார்த்தால் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது.

3. நான்கு பக்கமும் பேக், நடுவில் குப்பிகள், கூடவே வெப்பமானி. 2 முதல் 8 பாகை செல்சியஸ். டயல் வெப்பமானியை எனக்குப் பிடிக்காது. லயத்து வீடுகளுக்குப் போகும் பாதைக் குலுக்கலில் முள் இடம் மாறும். டிஜிட்டலே நல்லது.

4. எம்.எம்.ஆர். தூளை முன்கூட்டியே கரைத்து வைக்காதீர்கள். தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுவிட்டுத் தாய்மார் எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாது. பிள்ளை மடியில் உட்கார்ந்த பிறகு கரையுங்கள். கரைக்கும் நீரும் பெட்டிக்குள் குளிர்ந்திருக்க வேண்டும். குப்பியில் நேரம் எழுதுங்கள். 6 மணித்தியாலம், அல்லது கிளினிக் முடியும்வரை, எது முந்துகிறதோ அதற்குமேல் வைக்கக்கூடாது.

5. போட்டபின் 20 நிமிடமாவது இருத்தி, கிளினிக் கொப்பியில் திகதியும் குப்பியிலுள்ள தொகுதி (batch) இலக்கமும் எழுதிக் கொடுங்கள்.

பிறகு சேர்த்தது: ஐங்கூட்டுக் குப்பி உறைந்ததோ என்று சந்தேகம் வந்தால்? அதே தொகுதிக் குப்பி ஒன்றை வேண்டுமென்றே கட்டியாக உறையவைத்து, உருக்கி, இரண்டு குப்பிகளையும் ஒன்றாகக் குலுக்கிப் பக்கம் பக்கமாக வையுங்கள். சந்தேகக் குப்பியில் வண்டல் அதே வேகத்திலோ அதைவிட வேகமாகவோ அடியில் படிந்தால் பயன்படுத்தாதீர்கள். தனியே குறித்து மிட்வைப்பிடம் கொடுங்கள். சொட்டாக அல்லாமல் ஊசியாகப் போடும் போலியோ மருந்தில் அலுமினிய உப்பு இல்லாததால் இந்தச் சோதனை அதற்குச் செல்லாது. அது உறைந்ததாகத் தெரிந்தால் நேரே ஒதுக்க வேண்டியதுதான்.