பிள்ளைகளுக்கு வேலை நோட்டு பழக்குவது எப்படி

என் மாமனார் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். எந்தத் தேதியில் விதை விட்டார், நாற்று என்றைக்குப் பறித்தார், நடவுக்கு எத்தனை ஆள் வந்தார்கள், உரம் எப்போது போட்டார், எல்லாம் அதில் இருக்கும். தஞ்சாவூர் மாவட்டத்தில் பாபநாசம் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நிலம். மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது ஒருநாள், "தாத்தா, உங்களுக்கும் ஹோம்வொர்க் உண்டா?" என்று கேட்டாள். "ஆமா தாயி. எழுதி வைக்கலன்னா மறந்துபோகும். மறந்தா பயிர் நமக்காக நிக்காது" என்றார். மறுநாள் தனக்கும் ஒரு நோட்டு வேண்டும் என்றாள். இப்போது அவளுக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. இந்த மூன்று வருடத்தில் எது பழக்கியது, எது கெடுத்தது என்று நான் பார்த்ததை எழுதுகிறேன்.

எழுத்துக் கூட்டிப் படிக்காத வயதில் நோட்டு வேண்டாம், படம் போதும். மகனுக்கு ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையின் பின்பக்கம் நான்கு படம்: பல் துலக்குவது, குளிப்பது, பை அடுக்குவது, தண்ணீர் பாட்டில். அவனே வரைந்தான். பாட்டில் கத்திரிக்காய் மாதிரி இருக்கிறது, ஆனால் அவனுக்கு அது பாட்டில் என்று தெரியும், அது போதும். ஓரத்தில் ஒரு துணி கிளிப். ஒவ்வொரு வேலை முடிந்ததும் கிளிப்பை ஒரு படம் கீழே இறக்குவான். முதலில் இந்த அட்டையைத் தினசரி காலண்டர் பக்கத்தில், என் கண் உயரத்தில் மாட்டினேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆணியைப் பிடுங்கி அவன் உயரத்துக்கு அடித்த பிறகுதான் கிளிப் நகர ஆரம்பித்தது. நான்கு படத்துக்கு மேல் போகாதீர்கள்.

இதில் பெரியவர்களுக்கும் ஒரு வேலை உண்டு, அதுதான் கடினம். "கிளம்பு, நேரமாச்சு, பாட்டில் எடுத்தியா?" என்று சொல்வதை நிறுத்த வேண்டும். அதற்குப் பதில் ஒரே கேள்வி: "உன் அட்டையில அடுத்து என்ன இருக்கு?" நாம் வாயால் நினைவூட்டிக்கொண்டே இருந்தால் அட்டை வெறும் அட்டையாகவே தொங்கும்.

அடுத்தது நேரம். "இன்னும் அரை மணி நேரம்" என்றால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. சோறு வடிக்கிறதுக்குள்ளே, பால்காரர் வருவதற்குள்ளே, விளக்கு வைப்பதற்குள்ளே என்று சொன்னால் புரியும். கடிகாரத்துக்கு வரும்போது முள் உள்ள சுவர்க் கடிகாரமே வாங்குங்கள். செல்போனில் 6:40 என்று பார்த்தால் அது ஓர் எண், அவ்வளவுதான். முள் நகர்வதைப் பார்த்தால், எவ்வளவு போனது, எவ்வளவு மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியும். கண்ணாடி மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, "பெரிய முள் இங்கே வந்ததும் எழுந்திருக்கலாம்" என்று காட்டினேன். மணி பார்க்கத் தெரியாமலே மகன் அதைப் பிடித்துக்கொண்டான்.

மகளிடம் வேறு வழி. வேலை தொடங்கும் முன் அது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அவளே ஊகித்து எழுத வேண்டும். முடிந்ததும் உண்மையில் எவ்வளவு ஆனது என்று பக்கத்தில் எழுத வேண்டும். முதல் நாள் தமிழ் காப்பி இரண்டு பக்கத்துக்கு 10 நிமிடம் என்று எழுதினாள், ஆனது 25. கணக்கு 30 என்று எழுதினாள், 12 நிமிடத்தில் முடித்துவிட்டாள். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. கணக்கைத் தள்ளித் தள்ளிப் போட்டது சோம்பலால் இல்லை, அது பெரிய மலை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மூன்று வாரத்தில் ஊகமும் உண்மையும் கிட்டத்தட்ட ஒட்டி வந்தன. வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டுமாவது ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் செய்து பாருங்கள்.

நோட்டு என்றால் விலை கூடிய டைரி வேண்டாம். கோடு போடாத 40 பக்க நோட்டு போதும். திறந்தால் எதிரெதிர் இரண்டு பக்கம் ஒரு வாரம், ஏழு கட்டம். மாறாதவற்றை முதலில் எழுதட்டும்: பள்ளிக்கூடம், சனிக்கிழமை பாட்டு வகுப்பு. அப்புறம் அன்றன்றைக்கு மூன்று வேலை, அதற்கு மேல் இல்லை. விளையாட்டையும் எழுதச் சொல்லுங்கள், அதுவும் அவள் நேரம்தானே. எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். "நகம் வேட்டனும்" என்று எழுதியிருந்தாலும் நகம் வெட்டியாகிவிட்டதே. வீட்டில் ஒரே செல்போன் என்பதால், யாருக்கு எந்த நாள் என்று காலண்டரில் எழுதிவிட்டோம். தண்ணீர் குறைந்தால் வாய்க்காலுக்கு முறை வைத்து விடுவார்களே, அது மாதிரி. சண்டை பாதியாகக் குறைந்தது.

தினமும் மாலை காபி குடித்ததும் ஐந்து நிமிடம் நோட்டைத் திறக்கிறோம். நானும் பக்கத்தில் உட்கார்ந்து என் மளிகைச் சீட்டை எழுதுவேன். நாம் எழுதாமல் பிள்ளையை மட்டும் எழுதச் சொன்னால் அது இன்னொரு ஹோம்வொர்க் ஆகிவிடும்.

நாளைக்கு முடிக்க வேண்டிய வேலையை எழுதுவது எளிது. பத்து நாள் கழித்துக் கொடுக்க வேண்டியதுதான் பிள்ளைகளுக்குப் பிடிபடாது. இதை அவள் தாத்தாவிடம்தான் கற்றாள். குறுவைப் பருவத்துக்கு அவர் போடும் ஆடுதுறை 43 என்ற நெல் ரகம் 110 நாள் பயிர். ஜூன் 12-ல் விதை விட்டால் செப்டம்பர் 30-ல் அறுப்பு. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் நெல் களம் சேர வேண்டும். அதனால் அறுப்புத் தேதியை முதலில் வைத்து, அங்கிருந்து பின்னால் எண்ணி நடவு, நாற்று, விதை என்று வருவார். பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு காலண்டரில் விரல் வைத்து எண்ணிக் காட்டினார்.

பள்ளியில் கண்காட்சிக்கு ஒரு மாதிரி செய்யச் சொன்னபோது அதையே செய்தோம். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். வியாழன் பசை காய வேண்டும். அப்படியானால் புதன் ஒட்ட வேண்டும், செவ்வாய் வெட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அப்பா கும்பகோணம் போகும்போது தெர்மாகோல் வாங்கி வர வேண்டும். அவளே பின்னாலிருந்து எழுதினாள். முந்தின வருடம் இதே வேலைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு அழுதுகொண்டு ஒட்டினோம்.

திட்டம் மாறும் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். எங்கள் பக்கம் பாசனத் தண்ணீருக்கு மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம், ஆனால் எல்லா வருடமும் அந்தத் தேதியில் திறப்பதில்லை. தள்ளிப்போனால் மாமனார் நோட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் புதுத் தேதி எழுதுவார், பக்கத்தைக் கிழிக்க மாட்டார். மகளும் முடியாத வேலையின் மேல் ஒரு கோடு போட்டு, வேறு நாளுக்கு அம்புக்குறி இழுக்கிறாள். ஒரே வேலை மூன்று தடவை அம்புக்குறி வாங்கினால் மட்டும் நான் உட்கார்ந்து கேட்பேன்: இது பெரிய வேலையா, புரியாத வேலையா? பெரும்பாலும் புரியாத வேலையாகத்தான் இருக்கும்.

நான் செய்த தப்பு இரண்டு. ஒரு 'டிக்'குக்கு ஒரு ரூபாய் என்றேன். "தண்ணி குடிக்கணும்", "சீப்பு எடுக்கணும்" என்று சுலபமானதாக எழுத ஆரம்பித்தாள். ஒரு வாரத்தில் நிறுத்திவிட்டேன். இன்னொன்று இப்போதும் மனதை உறுத்துகிறது. வந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால் நோட்டைத் திறந்து, "பாருங்க, எழுதுறா, ஒண்ணும் செய்யல" என்று சொல்லிவிட்டேன். நோட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டாள். திரும்ப எடுக்க ஒரு மாதம் ஆனது. அதிலிருந்து அவள் கேட்காமல் நான் அதைத் திறப்பதில்லை. நீங்களும் திறக்காதீர்கள்.

மே மாதம் முழுக்க நோட்டுக்கு விடுமுறை. ஜூனில் புது நோட்டு வாங்கியதும், முதல் பக்கத்தில் தாத்தா விதை விடும் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்கிறாள். இந்த வருடம் தம்பியும் ஒரு நோட்டு கேட்டிருக்கிறான். அட்டையில் கிளிப்பைத் தானாக நகர்த்துகிற வரைக்கும் பொறு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.