தொட்டிக்கு அம்மை போடாமல் இருக்க

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மையும் ஃபியூஸ் கேரியரும் செய்கிற பட்டறைகள்தான் அதிகம். நான் செய்வது சுடுமண் தொட்டியும் தரை ஓடும். களிமண்ணோடு கிரானைட் அறுக்கும்போது வரும் சேற்றையும் அனல்மின் நிலையச் சாம்பலையும் கலந்து செய்கிறேன். முதன்முதலில் அப்படிச் சுட்ட நாற்பது துளசித் தொட்டியும் சூளையை விட்டு வரும்போது அவ்வளவு அழகு. பத்தாம் நாள் வாங்கியவர் போன் செய்தார்: "அண்ணே, தொட்டிக்கு அம்மை போட்டிருக்கு."

போய்ப் பார்த்தேன். சொன்னது சரிதான். அங்கங்கே சில்லு பெயர்ந்து, குழிக்கு நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி.

அது சுண்ணாம்பு. பெரிய கற்பாளத்தை இரும்புப் பட்டைகளால் அறுக்கும் கேங் சா எந்திரத்தில் தண்ணீரோடு இரும்புக் குருணையும் சுண்ணாம்பும் சேர்த்து ஊற்றுவார்கள். அந்தச் சேறு காய்ந்த கட்டியை உடைத்து, சலிக்காமல் மண்ணில் போட்டுவிட்டேன். சூளைச் சூட்டில் சுண்ணாம்புக் கட்டி நீற்றாத சுண்ணாம்பாகிவிடும். பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து ஊதி, மேலே இருக்கும் சுட்ட மண்ணைச் சில்லாகத் தள்ளும். வைரப் பல் வட்ட ரம்பத்தில் வெறும் தண்ணீர்தான் ஓடும். ஆகவே கல் அறுக்கும் பட்டறைக்காரரிடம் விலை பேசுவதற்கு முன்னால், எந்த ரம்பத்துச் சேறு என்று கேளுங்கள்.

அவர் சொல்வதை நம்பினாலும் சோதித்துவிடுங்கள். காய்ந்த தூளில் ஒரு ஸ்பூன் எடுத்து வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, வேண்டாம். நுரைக்காததைத் தண்ணீரில் கரைத்து, பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலிதீன் பையில் போட்டு உள்ளே சுழற்றுங்கள். பையில் ஒட்டி வருகிற கறுப்பு மீசைதான் இரும்பு. விட்டால் ஓட்டில் கரும்புள்ளியாக உருகும். பிறகு 80 மெஷ் (அங்குலத்துக்கு 80 கண்) சல்லடை. எல்லா வேலையையும் ஈரத்திலேயே செய்யுங்கள். கிரானைட் தூசி நுரையீரலில் தங்கினால் திரும்பி வராது.

சாம்பலைப் பொறுத்தவரை, எனக்கு நெய்வேலி கூப்பிடு தூரம். ஆனால் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பும் சல்பேட்டும் கூடுதல், சுட்ட ஓட்டில் வெள்ளை உப்புப் பூக்கும். அதனால் லாரி வாடகை கொடுத்து மேட்டூர் நிலக்கரிச் சாம்பல்தான் வாங்குகிறேன். என் தம்பிக்கு இது இன்னும் புரியவில்லை. சாம்பலை டிரம்மில் ஊறவைத்து, மேலே மிதக்கும் கரித்துண்டை வழித்து எடுத்துவிட்டு, இரண்டு முறை தண்ணீர் மாற்றுங்கள். அந்தத் தண்ணீரைக் கிணற்றோரமோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம். சிமெண்டுத் தொட்டியில் வற்றவிடுங்கள்.

என் கலவை, காய்ந்த எடையில்: களிமண் 70, கிரானைட் 20, சாம்பல் 10. இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் ஏரி மண் வேறு. கழிவு (கிரானைட்டும் சாம்பலும் சேர்த்து) 0, 10, 20, 30, 40 சதவீதம் என ஐந்து கலவை செய்து, ஒவ்வொன்றிலும் மூன்று சோதனைப் பட்டை போடுங்கள். பச்சையாக இருக்கும்போதே 10 சென்டிமீட்டருக்குக் கோடு கீறிவிட்டால், காய்ந்த பிறகும் சுட்ட பிறகும் கோட்டை அளந்து சுருக்கம் கண்டுபிடிக்கலாம். 30-ஐத் தாண்டினால் என் மண் சக்கரத்தில் எழும்பாது, விளிம்பு கிழியும். அச்சில் அழுத்தும் ஓட்டுக்குத்தான் ஆகும். பிசைந்த மண்ணை ஈரச் சாக்குப் போட்டு மூடிப் பத்து நாள் புளிக்கவிட்டால் கொஞ்சம் இளகிக் கொடுக்கும்.

சுடுவதில் அவசரம் கூடாது. 600 டிகிரி வரை மணிக்கு 100 டிகிரிக்கு மேல் ஏற்ற மாட்டேன். 800-க்கும் 900-க்கும் நடுவில் ஒரு மணி நேரம் காற்று நன்றாகப் போகும்படி நிறுத்திவைப்பேன். சாம்பலில் மிச்சமிருக்கும் கரி அப்போதுதான் எரிந்து போகும். ஒரு பட்டையை உடைத்துப் பாருங்கள், நடுவில் கறுப்பாக இருந்தால் நிறுத்தியது போதவில்லை. பிறகு 1,080. கிரானைட்டில் உள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் இளகி மண்ணைக் கட்டுவது இந்தச் சூட்டில்தான். 850-ல் முடியும் விறகுச் சூளையில் அது வெறும் மணல் வேலைதான் பார்க்கும். இறங்கும்போதும் கதவைத் திறக்காதீர்கள். 573 டிகிரியில் கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென்று சுருங்கும், கிரானைட் சேர்த்த மண்ணில் விரிசல் அங்கேதான் விழும்.

சுட்ட பட்டையை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து மறுபடி எடை போடுங்கள். 200 கிராம் 222 ஆனால் 11 சதவீதம் தண்ணீர் குடிக்கிறது என்று கணக்கு. தொட்டிக்கு அது போதும். அதன்பின் இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்து, ஒரு வாரம் குளியலறையில் போட்டுவையுங்கள். அம்மை வருவதாக இருந்தால் அங்கேயே வந்துவிடும்.

தோல் பதனிடும் ஆலைச் சேற்றை இனாமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். அதிலுள்ள குரோமியம், சுண்ணாம்போடு சேர்ந்து காற்றில் சுடும்போது இன்னும் கொடிய நஞ்சாக மாறலாம். சாயப்பட்டறைச் சேறும் வேண்டாம். சமைக்கச் சட்டி கேட்டு வருகிறவர்களுக்கு வெறும் ஏரி மண்ணில்தான் செய்து கொடுக்கிறேன். அந்த மண்ணைப் பிசைய வேறு தொட்டி, சலிக்க வேறு சல்லடை.