கணக்கு இல்லாமல் பேஸ்புக் பார்க்கிற வழி

கோயில் கொடியேற்றம், கரண்ட் வெட்டு, பிரதேச செயலகத்தின் நடமாடும் சேவை, இரத்ததான முகாம், பழைய மாணவர் கூட்டம் என்று எங்கள் ஊர்ப்பக்கம் எந்த அறிவித்தலும் இப்போது முதலில் பேஸ்புக்கில்தான் வருகிறது. சிலது அங்கே மட்டும்தான் வருகிறது. பேஸ்புக் வைத்திராதவர் என்ன செய்வார்? மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் நான் நடத்தும் கொமினிகேஷன் கடைக்கு வருவார். குருமண்வெளித் துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி மண்டூரில் இருந்து வருகிறவர்களும் உண்டு. "பிள்ளை, பேஸ்புக்கில போட்டிருக்காம், ஒருக்கா எடுத்துத் தாங்க" என்பார்கள். எடுத்துக் கொடுப்பேன். எனக்கும் பேஸ்புக் கணக்கு இல்லை என்று சொன்னால் நம்பமாட்டார்கள்.

நாள் முழுக்கத் திரையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயும் அதையே பார்க்க எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான். ஆனால் ஊர் அறிவித்தலைப் படிக்க ஒருவர் தன் பெயர், பிறந்த திகதி, போன் நம்பர் எல்லாம் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்பதையும் நான் ஏற்றுக்கொள்வதில்லை. கொடுக்காமலே எவ்வளவு பார்க்க முடியுமோ அவ்வளவையும் பார்க்கும் வழி இது.

முதலில், பேஸ்புக்கில் 'பக்கம்' வேறு, ஓர் ஆளின் சொந்தக் கணக்கு வேறு, 'குழு' வேறு. கோயில், கடை, திணைக்களம், விளையாட்டுக் கழகம் எல்லாம் பெரும்பாலும் வைத்திருப்பது பக்கம். அது எல்லாருக்கும் திறந்திருக்கும். சொந்தக் கணக்கில் அந்த ஆள் பொதுவில் விட்டது மட்டும்தான் தெரியும்; பலருடையதில் முகப்புப் படத்தைத் தாண்டி ஒன்றும் இராது. மூடிய குழு என்றால் உள்ளே இருக்கிறவர்களுக்கு மட்டும். அதனால் "பேஸ்புக்கில இருக்கு" என்று யாராவது வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, "பேஜா, குறூப்பா?" குறூப் என்றால் பாதி நேரம் அதோடு கதை முடிந்துவிடும்.

போனில் பார்க்கிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. வட்ஸ்அப்பில் வந்த லிங்கைத் தொட்டதும் பேஸ்புக் அப் திறந்துகொண்டு, லொகின் பண்ணச் சொல்லி நிற்கும். நீங்கள் அந்த அப்பை இறக்கியே இருக்கமாட்டீர்கள். பல அன்ட்ரொயிட் போன்களில் வாங்கும்போதே அது உள்ளே இருக்கிறது. லிங்கைத் தொட்டு எடுக்காமல், விரலை அதன்மேல் அழுத்திப் பிடியுங்கள். கொப்பி பண்ணும் வழி வரும். அப்புறம் குரோமைத் திறந்து, மேலே முகவரி எழுதும் பட்டையில் ஒட்டுங்கள். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் செட்டிங்ஸில் அப்ஸ் பகுதிக்குப் போய், பேஸ்புக்கைத் தெரிவு செய்து 'டிசேபிள்' கொடுத்துவிடலாம். போனோடு வந்த அப்பை அழிக்க விடாவிட்டாலும் முடக்க விடும்.

ஒட்டிய லிங்கின் வாலையும் ஒருக்கா பாருங்கள். எஃப், பி, சி, எல், ஐ, டி என்ற ஆறு ஆங்கில எழுத்தும், அதன் பின்னால் வாய்க்குள் நுழையாத நீளமான ஒரு தொடரும் சில வேளை இருக்கும். எந்தக் கிளிக் எங்கே இருந்து வந்தது என்று பேஸ்புக் அடையாளம் வைக்கும் குறி அது. அந்த ஆறு எழுத்தில் இருந்து கடைசி வரை அழித்துவிடலாம், பக்கத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வெட்டாதீர்கள். சில பதிவுகளின் இலக்கமே அங்கேதான் இருக்கும், வெட்டினால் திறக்காது. இன்ஸ்டகிராம் லிங்கில் இதே வேலையை ஐ, ஜி, எஸ், எச் என்ற நாலு எழுத்து பார்க்கிறது.

சரி, பக்கம் திறந்துவிட்டது. உடனே ஒரு பெட்டி வந்து மறைத்துக்கொண்டு லொகின் கேட்கும். அதன் மூலையில் மங்கலாக ஒரு பெருக்கல் குறி இருக்கும், அதைத் தொட்டால் பெட்டி போய்விடும். போனில் அந்தக் குறியே காணவில்லை என்றால், குரோமின் மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டு 'டெஸ்க்டொப் சைட்' என்பதில் சரி போடுங்கள். எழுத்தெல்லாம் எறும்பு அளவுக்குப் போய்விடும், இரண்டு விரலால் பெரிதாக்கித்தான் படிக்க வேண்டும். ஆனால் போனில் முகத்தில் அடிக்கிற மாதிரி மூடும் பக்கம் கொம்பியூட்டர் வடிவத்தில் கொஞ்சம் இடம் கொடுக்கும். சில பதிவுகள் வரைக்கும் கீழே போகலாம். அதற்கப்புறம் மறுபடி பெட்டி வரும். இந்தத் தடவை பெருக்கல் குறி இராது.

அங்கே நின்று மல்லுக்கட்டுவதில் பயனில்லை. சுற்றிப் போகிற வழிகள் இருக்கின்றன. தனிப் பதிவு ஒன்றின் லிங்க் பக்கத்தைவிட லேசாகத் திறக்கும். ஆகவே யாராவது "பேஜில போட்டிருக்கு" என்றால், அந்தப் பதிவின் லிங்கையே வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அந்த நிறுவனத்துக்குத் தனி இணையத்தளம் இருந்தால் அதையும் பாருங்கள். பல தளங்களில் ஓரமாக ஒரு சின்னப் பெட்டியில் பேஸ்புக் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பெட்டிக்குள்ளேயே விரலை வைத்து இழுத்தால் கடைசியாகப் போட்ட பதிவுகள் வரும்.

நான் அதிகம் நம்புவது கூகுளைத்தான். தேடும் இடத்தில் ஆங்கில எழுத்தில் 'சைட்' என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் 'பேஸ்புக் டொட் கொம்' என்று அடியுங்கள். பிறகு ஓர் இடைவெளி விட்டு உங்களுக்கு வேண்டிய சொல்லை எழுதுங்கள். பேஸ்புக்குக்குள் இருப்பதை மட்டும் கூகுள் எடுத்துத் தரும். இதில் கைப்பழக்கம் கொஞ்சம் வேண்டும். கொக்கட்டிச்சோலைத் தேரோட்டத்தைத் தேடுகிறவர் 'தான்தோன்றீஸ்வரர்' என்று முழுசாக அடித்தால் பாதி வராது, அந்தப் பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். 'கொக்கட்டிச்சோலை தேர்' என்று சுருக்கமாக அடியுங்கள். அதையே ஆங்கில எழுத்திலும் இன்னொரு தரம் அடியுங்கள். எங்கள் பெடியன்கள் பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் போடுகிறார்கள், அந்தப் பதிவெல்லாம் அப்போதுதான் அகப்படும். பழசாகவே வந்து நின்றால், தேடல் கருவிகளில் காலத்தைக் 'கடந்த வாரம்' என்று மாற்றுங்கள்.

கணக்கு இல்லாமல் பார்க்கும்போது பதிவுகள் நேர வரிசையில் வரும் என்று நினைக்கக்கூடாது. கார்த்திகை, மார்கழியில் மழை பிடித்ததும் இது பெரிய தலையிடி. முகத்துவாரம் வெட்டிவிட்டார்கள், அந்த வீதியில் போகாதீர்கள், இந்தப் பாலத்தில் தண்ணீர் ஏறிவிட்டது என்று படங்கள் பறக்கும். அதில் பாதி போன வருசத்து வெள்ளமாக இருக்கும். பதிவுக்கு மேலே பெயருக்குக் கீழே சின்னதாக நேரம் போட்டிருக்கும். அதைத் தொட்டால் பதிவு தனியாகத் திறந்து திகதி தெரியும். அதைப் பார்க்காமல் நான் யாருக்கும் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பதில்லை.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். யூடியூபுக்குக் கணக்கே தேவையில்லை. வயதுக் கட்டுப்பாடு போட்ட வீடியோ மட்டும் லொகின் கேட்கும். கோயில் திருவிழாவை நேரலையில் பார்க்கலாம், பக்கத்தில் ஓடும் அரட்டையைப் படிக்கலாம், எழுத முடியாது. டெலிகிராமில் பொதுச் சேனல் என்றால் குரோமிலேயே முழுசாகப் படிக்கலாம். லிங்கில் 'டி டொட் மீ' என்பதற்கும் சேனல் பெயருக்கும் நடுவில் ஆங்கில 'எஸ்' எழுத்தும் ஒரு சாய்கோடும் சேர்த்துவிடுங்கள், பழைய செய்தி வரைக்கும் மேலே இழுத்துக்கொண்டே போகலாம். இருப்பதிலேயே மரியாதையான ஏற்பாடு அதுதான் என்பேன். டிக்டொக் குரோமில் ஓடும், ஆனால் அப்பை இறக்கு இறக்கு என்று நச்சரிக்கும். இன்ஸ்டகிராமில் பொதுக் கணக்கின் முதல் சில படங்கள் வரும், பிறகு கதவு மூடிவிடும். ஸ்டோரி கணக்கில்லாதவருக்கு இல்லவே இல்லை. தொழில்முறைக் கணக்குகளின் பொதுப் படங்கள் 2025 ஜூலையில் இருந்து கூகுளில் வர விட்டிருக்கிறார்கள், ஆகவே அங்கேயும் கூகுள்தான் சுற்றுவழி. ட்விட்டராக இருந்த எக்ஸ், 2023 ஜூன் கடைசியில் வெளியாருக்கு முழுசாக மூடி, சில நாளில் தனிப் பதிவுகளை மட்டும் திறந்துவிட்டது. அங்கே ஒருவரின் பக்கத்துக்குப் போனால் நேற்றுப் போட்டதை விட்டுவிட்டு, எப்போதோ பிரபலமான பதிவைக் காட்டும். அவசரத்துக்கு அதை நம்பவேண்டாம்.

கணக்கு இல்லை என்பதால் உங்களை யாரும் பார்க்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். பெல்ஜியத்தில் 2015இல் இது வழக்கு வரைக்கும் போனது. உறுப்பினர் அல்லாதவர் ஒரு பக்கத்தைத் திறந்தாலும் பேஸ்புக் அவர் பிரவுசரில் குக்கி என்கிற சின்ன அடையாளக் கோப்பு ஒன்றைப் போட்டது. இரண்டு வருசம் வரைக்கும் அங்கேயே கிடக்கக் கூடியது அது. நிறுத்து என்று நீதிமன்றம் சொன்னது. பேஸ்புக் என்ன செய்தது தெரியுமா? அந்த நாட்டில் கணக்கில்லாதவர்களுக்குப் பக்கங்களையே மூடியது. அடுத்த வருசம் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாறியது வேறு கதை. 2018 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேஸ்புக்கின் தலைவர் மார்க் சக்கர்பேர்க்கைக் கேட்டபோதும், பதிவு செய்யாதவர்களின் தரவையும் பாதுகாப்புக்காகச் சேர்ப்பதாக ஒத்துக்கொண்டார்.

அதனால் இந்தப் பார்வையெல்லாம் குரோமின் இன்கொக்னிட்டோ ஜன்னலில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று புள்ளிக்குள் அதுவும் இருக்கிறது. ஜன்னலை மூடியதும் குக்கி போய்விடும். திரும்பத் திறக்கும்போது புது ஆள் மாதிரி உள்ளே விடுவதால், இன்னும் சில பதிவு அதிகமாகப் பார்க்கவும் சில வேளை வாய்க்கும். உங்கள் இணைய இணைப்பின் முகவரியை அது மறைக்காது, அது தெரிந்திருக்கட்டும்.

கடைக்கு வரும் இன்னொரு வகைக் கேட்பு, கலியாணம். மாப்பிள்ளைப் பெடியனின் பெயரை ஒரு துண்டில் எழுதிக் கொண்டுவந்து, "மனே, இவன்ட பேஸ்புக்கைக் கொஞ்சம் காட்டன்" என்று ஒரு பெரியம்மா இருந்துவிடுவா. பொதுவில் இருப்பதைக் காட்டுவேன். பூட்டி வைத்திருந்தால் பூட்டித்தான் இருக்கு. பூட்டிய கணக்கைத் திறந்து காட்டுகிறோம் என்று சொல்லும் தளங்களும் அப்களும் கிடக்கின்றன, அவை ஏமாற்று. ஒன்றில் உங்கள் போன் நம்பரையும் பாஸ்வேர்டையும் கறக்கும், இல்லாவிட்டால் கண்ட கண்ட அப்பை இறக்க வைக்கும். பேரப்பிள்ளையின் கணக்கை இரவல் வாங்கி நுழைவதும் சரியில்லை. மற்றவர்களுக்குத் தெரிவது அந்தப் பிள்ளையின் பெயர். ஒருதரம் கை தவறி லைக் பட்டுவிட்டால் இரண்டு குடும்பத்துக்கும் சங்கடம். என்னைக் கேட்டால், அவன் ஊரில் நாலு பேரிடம் விசாரிப்பது படத்தைப் பார்ப்பதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. பெரியம்மாவும் அதைச் செய்துவிட்டுத்தான் வந்திருப்பா.

அவசரமான விசயத்துக்குப் பேஸ்புக்கையே நம்பி இருக்கவும் வேண்டாம். இலங்கையில் 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் என்று சமூக ஊடகங்களையே அடைத்த நாட்கள் இருக்கின்றன. வெள்ளம், புயல் என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. கரண்ட் என்றால் 1987. பரீட்சை விசயத்துக்குத் திணைக்களத்தின் 1911, பெறுபேறு அவர்களின் தளத்தில் சுட்டெண் போட்டால் வரும். வானிலைக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் தளத்தில் தமிழிலேயே இருக்கிறது. வேலை வாய்ப்பு என்று பேஸ்புக்கில் வருகிற படத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள், வர்த்தமானியில் வருவது அரச அச்சகத்தின் தளத்தில் சும்மா கிடைக்கும்.

வீட்டில் வயதானவர்களுக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுப்பது கஷ்டம் என்றால் ஒரு வேலை செய்யலாம். அவர்களுக்கு வேண்டிய பக்கத்தை அவர்கள் போனில், இன்கொக்னிட்டோ இல்லாத சாதாரண குரோமில், நீங்களே ஒருதரம் திறவுங்கள். மூன்று புள்ளியைத் தொட்டு, முகப்புத் திரையில் சேர்க்கும் 'அட் டு ஹோம் ஸ்க்ரீன்' என்பதைக் கொடுங்கள். பெயர் கேட்கும்போது பக்கத்தின் நீளப் பெயரை அழித்துவிட்டு, அவர்கள் வாயில் வருகிற பெயரைத் தமிழில் எழுதுங்கள். என் அம்மாவின் போனில் 'கோயில்', 'மழை', 'கந்தோர்' என்று மூன்று இருக்கிறது. அவவுக்கு நான் சொல்லிக் கொடுத்தது அந்தப் பெருக்கல் குறியை மட்டும்தான்.