எச்சுகாவில் பேடில் ஸ்டீமர் ஏறப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெல்பர்னிலிருந்து வடக்கே காரில் இரண்டரை, மூன்று மணி நேரம் போனால் எச்சுகா. மர்ரே ஆற்றங்கரை ஊர். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போது கூட்டிப்போக நல்ல இடம். பேடில் ஸ்டீமரில், அதாவது நீராவியால் பக்கச் சக்கரங்களைச் சுற்றி ஓடும் பழைய படகில், ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு, சாப்பிட்டு, சாயங்காலத்துக்குள் வீடு திரும்பிவிடலாம். ஆனால் போய்வந்த பலர் "படகு ரொம்ப மெதுவா போச்சு, ரெண்டு பக்கமும் மரம்தான்" என்று சொல்லும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அங்கே பார்க்க வேண்டிய முதல் அதிசயம், நாம் ஏறி நிற்கும் படகேதான். அதை விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்து வருபவை.

இந்தப் படகுகள் உல்லாசப் பயணத்துக்காகப் பிறந்தவை அல்ல. 1864-இல் மெல்பர்ன் ரயில் எச்சுகாவுக்கு வந்து சேர்ந்தது. உள்நாட்டு ஆட்டுப் பண்ணைகளின் கம்பளி மூட்டைகள் டார்லிங், மரம்பிட்ஜி, மர்ரே ஆறுகள் வழியாக இங்கே வந்து ரயிலேறின. நீராவிப் படகுகள் மூட்டை ஏற்றிய தட்டைப் படகுகளைப் பின்னால் கட்டி இழுத்து வந்தன. சுமை இழுக்கவும், தண்ணீர் குறைந்த ஆற்றில் தரை தட்டாமல் போகவும் கட்டிய படகிடம் வேகத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். குழந்தைகளுக்கு இதைக் காரிலேயே சொல்லிவிடுங்கள்.

கண்ணில் பட்ட முதல் படகுக்கு டிக்கெட் எடுப்பது இன்னொரு தவறு. மர்ரேயில் ஓடும் சக்கரப் படகுகள் எல்லாமே நீராவியில் ஓடுவன அல்ல, டீசலில் ஓடுபவையும் உண்டு. பெயருக்கு முன்னால் 'பி.எஸ்.' என்றிருந்தால் பேடில் ஸ்டீமர், அதாவது நீராவிப் படகு. 'பி.வி.', 'எம்.வி.' என்றிருந்தால் நீராவியா டீசலா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எச்சுகாவில் ஓடும் படகுகளில் பெவன்சி 1911-இல் கட்டியது. அலெக்சாண்டர் ஆர்பத்னாட் 1923-ஐச் சேர்ந்தது. கான்பெரா 1913-ஐச் சேர்ந்தது. எம்மிலூ படகின் உடல் 1980களில் கட்டியதுதான், ஆனால் உள்ளே இருக்கும் எஞ்சின் 1906-ஆம் ஆண்டினது. 1866-இல் கட்டிய அடிலெய்டு, மர உடல் கொண்டு இன்றும் ஓடும் பேடில் ஸ்டீமர்களில் உலகிலேயே மூத்தது. அது தினமும் ஓடாது. அதற்காகவே போகிறீர்கள் என்றால் எந்த நாளில் ஓடும் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ஏறியதும் எல்லோரும் மேல்தளத்துக்கு ஓடி இடம் பிடிப்பார்கள். காற்றும் வெளிச்சமும் அங்கேதான், சரி. ஆனால் ஒரு மணி நேரமும் அங்கேயே உட்கார்ந்துவிடாதீர்கள். படகு நகரத் தொடங்கும்போது கீழே எஞ்சின் பக்கத்தில் நில்லுங்கள். அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்து ரெட் கம் (ஆற்றங்கரையில் வளரும் ஒரு வகை யூகலிப்டஸ் மரம்) கட்டையைத் தள்ளும்போது அந்த அனல் நம் முகத்தில் அடிக்கும். எண்ணெய் மினுங்கும் தண்டுகள் முதலில் தயங்கி, பிறகு சீராக முன்னும் பின்னும் போகும். அந்த அசைவுதான் இரு பக்கச் சக்கரங்களையும் சுற்றுகிறது. மேலே கேப்டன் கையில் இருப்பது திசை மட்டும். வேகமும் நிறுத்தமும் பின்னோட்டமும் அவர் சொல்ல, கீழே எஞ்சின்காரர் செய்ய வேண்டும். கரை சேரும் நேரத்தில் இந்த இருவரின் ஒத்துழைப்பைக் கவனியுங்கள், அவ்வளவு அழகு. எஞ்சின்காரரிடம் கேள்வி கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். ஆனால் கட்டை போடும் நேரத்திலும் கரை அணையும் நேரத்திலும் பேச்சுக் கொடுக்காதீர்கள். குழந்தைகளின் கையை விடவே கூடாது: குழாய்கள் கொதிக்கும், தண்டுகள் நிற்காது.

விறகுப் புகையும் கரித்தூளும் பறக்கும். வெள்ளைச் சட்டையும் பட்டுப்புடவையும் வேண்டாம். புகைபோக்கிக்கு நேர் பின்னாலும் உட்கார வேண்டாம். விசில் ஊதும்போது கைக்குழந்தையின் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

வயதான பெற்றோரோடு போகிறவர்கள் படிக்கட்டைப் பற்றி முன்கூட்டியே விசாரிப்பதில்லை. வந்து நின்று தவிப்பதை நிறையப் பார்க்கலாம். எச்சுகாவின் பழைய துறைமேடை ரெட் கம் மரத்தாலானது, மாடி மாடியாக உயர்ந்து நிற்பது. வெள்ளத்திலும் வறட்சியிலும் ஆற்றின் மட்டம் பல மீட்டர் வித்தியாசப்படும், எந்த மட்டத்திலும் சரக்கு இறக்க வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டினார்கள். இப்போது ஆறு ஓடும் திசையில் கீழே உள்ள டோரம்பரி தடுப்பணை தண்ணீரைத் தேக்கி வைத்திருப்பதால் ஏற்ற இறக்கம் குறைவு. இருந்தாலும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்தப் படிகள் கஷ்டம். சக்கர நாற்காலி, குழந்தை வண்டி இருந்தால் எந்தப் படகில், எந்த வழியாக ஏறலாம் என்று டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். எல்லாப் படகும் ஒரே துறையிலிருந்து கிளம்புவதில்லை என்பதால் இடத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதியிலும் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். ஆறு பெருகினால் பயணம் ரத்தாகும். 2022 அக்டோபர் வெள்ளத்தில் ஊரின் சில பகுதிகள் மூழ்கித் தவித்தன. அதனால் கிளம்பும் அன்று காலையில் ஒரு போன் போட்டுவிடுவது நல்லது.

கோடையில் அங்கே வெயில் நாற்பது டிகிரியைத் தொடும். அந்த நாட்களில் காலைப் படகில் போங்கள். குளிர்காலத்தில் எஞ்சின் பக்கம் இதமாகவே இருக்கும், மேலே ஜாக்கெட் இல்லாமல் உட்கார முடியாது. ரயிலில் போகிறவர்கள் முதலில் திரும்பும் ரயிலின் நேரத்தைப் பாருங்கள், பிறகு படகின் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

இறங்கியதும் காரைத் தேடி ஓடாதீர்கள். துறைமேடையின் அடித்தளங்களுக்கு இறங்கி, அந்தப் பெரிய தூண்களுக்கு நடுவே கொஞ்சம் நடங்கள். நீங்கள் வந்த படகின் சக்கரக்கூட்டை அங்கிருந்து தண்ணீர் மட்டத்திலேயே பார்க்கலாம்.