பார்க்கிங் அபராதம்: கட்டிவிடலாமா, எதிர்க்கலாமா?

இங்கிலாந்தில் கண்ணாடியில் அபராதச் சீட்டைப் பார்த்தால், காரை நகர்த்தும் முன் போனை எடுப்பேன். சக்கரம் நிற்கும் இடம், மஞ்சள் கோடு, அருகிலுள்ள பலகை, கட்டண ரசீது எல்லாவற்றையும் படமெடுக்க வேண்டும். கோடு அழிந்திருந்தாலோ மரக்கிளை பலகையை மறைத்தாலோ அதுவே உங்கள் வாதம்.

அடுத்து, சீட்டு போட்டது கவுன்சிலா (உள்ளாட்சி மன்றம்), தனியார் நிறுவனமா என்று பாருங்கள். சீட்டு ஒரே மாதிரி இருக்கும், வழிமுறை வேறு. கீழே சொல்வது கவுன்சில் சீட்டுக்கு.

சீட்டிலுள்ள குற்ற எண்ணை, அதாவது எந்த விதியை மீறினீர்கள் என்று சொல்லும் எண்ணை, படியுங்கள். 05 என்றால் கட்டிய நேரம் முடிந்தும் நின்றது. கவுன்சில் பார்க்கிங் இடங்களில் நேரம் முடிந்து 10 நிமிடம் வரை அபராதம் போடக்கூடாது. சீட்டிலுள்ள நேரத்தை ரசீதோடு ஒப்பிடுங்கள். மஞ்சள் கோட்டுக்கு (01) இந்தச் சலுகை கிடையாது.

14 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை. அதே 14 நாளுக்குள் ஆட்சேபம் எழுதினால், நிராகரித்தாலும் பெரும்பாலும் பாதித் தொகையே கட்ட மறுபடி வாய்ப்பு தருவார்கள். அதனால் நல்ல ஆதாரம் இருந்தால் எழுதத் தயங்காதீர்கள். பணம் கட்டிவிட்டு எதிர்க்க முடியாது, கட்டியதும் கோப்பு மூடப்படும். இதில்தான் பலர் தவறுகிறார்கள்.

நிராகரித்த பின்னும் கட்டாவிட்டால் வண்டி உரிமையாளருக்கு நோட்டீஸ் வரும், மறுபடி ஆட்சேபம் எழுத 28 நாள் அவகாசம். அதுவும் நிராகரிக்கப்பட்டால் கவுன்சிலைச் சாராத தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே கட்டணம் இல்லை, ஆனால் தோற்றால் முழுத் தொகை.

"ஐந்து நிமிஷம்தான் நின்றேன்", "பலகையைக் கவனிக்கவில்லை" மட்டும்தான் கையிலிருந்தால், நான் பாதியைக் கட்டிவிடுவேன்.