லிம்போமா எந்த நிலை: எந்த ஸ்கேனை எப்போது நம்பலாம்?

பயாப்ஸியில் (திசு எடுத்துச் செய்யும் பரிசோதனை) லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்றுநோய், என்று வந்துவிட்டது, அடுத்து சிடியா, பெட்-சிடியா, எம்ஆர்ஐயா என்ற குழப்பம் வரும். முதலில் பயாப்ஸி அறிக்கையில் என்ன வகை என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள், ஏனென்றால் பெரும்பாலும் அந்த வகைதான் ஸ்கேனைத் தீர்மானிக்கிறது.

நிலை என்பது நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்ற கணக்கு. ஒரே ஒரு பகுதி நிணநீர் முடிச்சுகளில் மட்டும் இருந்தால் 1, உதரவிதானத்துக்கு (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) ஒரே பக்கமாக இரண்டோ அதற்கு மேலோ பகுதிகளில் இருந்தால் 2, அதற்கு மேலேயும் கீழேயும் இருந்தால் 3, எலும்பு மஜ்ஜை, கல்லீரல் போன்ற இடங்களுக்குப் பரவியிருந்தால் 4. அதனால் கழுத்திலிருந்து தொடை வரை எதையும் விடாமல் பார்க்கும் ஸ்கேன் வேண்டும்.

சிடி அளவைக் காட்டும். நீளவாக்கில் 1.5 சென்டிமீட்டரைத் தாண்டிய முடிச்சைச் சந்தேகிப்பார்கள். ஆனால் சாதாரணக் கிருமித்தொற்றிலும் முடிச்சு வீங்கும், சின்ன முடிச்சுக்குள்ளும் நோய் ஒளிந்திருக்கும், இந்த இரண்டையும் சிடியால் பிரித்துச் சொல்ல முடியாது.

பெட்-சிடியில் எப்டிஜி என்ற கதிரியக்கச் சர்க்கரையை ஊசியில் ஏற்றி, எந்தத் திசு அதை அதிகமாக இழுக்கிறது என்று பார்க்கிறார்கள். ஹாட்ஜ்கின், டிஎல்பிசிஎல் (பெரிய பி செல்களில் வரும் வேகமான வகை), ஃபாலிகுலர் ஆகிய லிம்போமா வகைகள் நன்றாக இழுக்கும், அதனால் 2014இல் வெளியான லுகானோ வகைப்பாடு (லிம்போமா நிலையைக் கணிக்கும் சர்வதேச வழிமுறை) இவற்றுக்குப் பெட்-சிடியையே முதலில் வைத்தது. ஹாட்ஜ்கினில் பெட்-சிடி எடுத்துவிட்டால் பொதுவாக எலும்பு மஜ்ஜை பயாப்ஸியே தேவைப்படுவதில்லை. அந்த ஊசியின் வலி தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று புரியும். சிஎல்எல் (நாள்பட்ட ஒரு வகை ரத்தப் புற்றுநோய்) போன்ற மெதுவான சில வகைகள் சர்க்கரையை அவ்வளவாக இழுக்காது, அங்கே கான்ட்ராஸ்ட் மருந்து (படத்தைத் தெளிவாக்குவது) போட்ட சிடியே போதும், வேகமான வகையாக மாறிவிட்டதோ என்ற சந்தேகம் வந்தால் மட்டும் பெட்.

மூளை இயல்பாகவே சர்க்கரையை நிறைய எடுத்துக்கொள்ளும் உறுப்பு, அதனால் அங்கே பெட் படத்தில் நோய் மறைந்துபோகலாம். மூளை, தண்டுவடம் என்றால் எம்ஆர்ஐதான் சரி. அதில் கதிர்வீச்சும் இல்லை, ஆகவே கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் முழு உடல் எம்ஆர்ஐ பற்றி மருத்துவரிடம் தாராளமாகக் கேளுங்கள். அல்ட்ராசவுண்ட் பயாப்ஸி ஊசிக்கு வழிகாட்ட நல்லது, நிலை கணிக்கப் போதாது.

பெட்-சிடி எடுக்கப் போகிறீர்களா, தயாரிப்பில் கவனம் வையுங்கள், படம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிறு (தண்ணீர் குடிக்கலாம்), முந்தைய நாள் கடுமையான உடற்பயிற்சி வேண்டாம், உடம்பு குளிராமல் பார்த்துக்கொள்ளுங்கள், குளிர்ந்தால் கழுத்தில் இருக்கும் பழுப்புக் கொழுப்பு சர்க்கரையை இழுத்து நோய் மாதிரியே ஒளிரும். நீரிழிவு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மெட்ஃபார்மின் குடலை ஒளிரவைக்கும், ஆனால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். சமீபத்தில் போட்ட தடுப்பூசி, ஸ்டீராய்டு மாத்திரை, வெள்ளணுவை ஏற்றும் ஊசி எதுவானாலும் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று, என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம்: பெட் எடுப்பதாக இருந்தால் சிகிச்சை தொடங்கும் முன்பே எடுத்துவிடுங்கள். பின்னால் எடுக்கும் படத்தில் எவ்வளவு ஒளிர்கிறது என்பதை வைத்து டோவில் மதிப்பெண் 1 முதல் 5 வரை போடுவார்கள், கல்லீரலைவிட அதிகமாக ஒளிர்ந்தால் 4 அல்லது 5. முதல் படம் இருந்தால்தான் எது பழைய இடம், எது புதிது என்று அவர்களால் உறுதியாகச் சொல்ல முடியும். கீமோ முடிந்து 6 முதல் 8 வாரமாவது பொறுத்து, கதிர்சிகிச்சை என்றால் 3 மாதம் கழித்து, முடிந்தவரை அதே இயந்திரத்தில் இறுதி ஸ்கேனை எடுங்கள். அவசரப்பட்டு முன்னாடியே எடுத்தால் சிகிச்சையால் வந்த வீக்கமும் ஒளிரும், வீண் பயம்தான் மிஞ்சும்.