எம்.ஆர்க். படிக்க வெளிநாடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீசிஸ் ஜூரி (கடைசி வருடத் திட்டத்தின் மதிப்பீடு) முடிந்த கையோடு கோவை, ஈரோடு, சேலம் பக்கத்துக் கட்டிடக்கலைக் கல்லூரிப் பிள்ளைகள், வெளிநாட்டில் எம்.ஆர்க். (கட்டிடக்கலை முதுநிலைப் பட்டம்) படிப்பது பற்றிக் கேட்க என் அலுவலகத்துக்கு வரத் தொடங்குவார்கள். கையில் மடிக்கணினி இருக்கும், கூடவே பெரும்பாலும் அப்பா வந்திருப்பார். எங்கள் செட்டில் வெளிநாடு போனவர்கள் எங்கெல்லாம் அடிபட்டார்களோ அங்கேயே இவர்களும் போய் நிற்பதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. கடைசித் தேதியைத் தவறவிடாதே, ஆங்கிலத் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்.ஸை முன்பே எழுதிவிடு, ஏன் படிக்க வருகிறேன் என்று எழுதும் எஸ்.ஓ.பி.யில் எழுத்துப்பிழை பார் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்த எம்.ஆர்க். என்று பார்க்காமல் விண்ணப்பிப்பது

இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வருவது இதற்குத்தான்.

அமெரிக்காவில் எம்.ஆர்க். என்ற பெயரில் இரண்டு விதமான படிப்புகள் இருக்கின்றன. முதலாவது, கட்டிடக்கலையே படிக்காத பட்டதாரியும் சேரக்கூடியது. இலக்கியம் படித்தவரும் இயற்பியல் படித்தவரும் அதே வகுப்பில் இருப்பார்கள். மூன்று அல்லது மூன்றரை வருடம் ஓடும். ஹார்வர்டிலும் எம்.ஐ.டி.யிலும் மூன்றரை வருடம். இரண்டாவது, தொழில்முறைப் பட்டத்தை ஏற்கெனவே முடித்தவர்களுக்கானது. ஹார்வர்டில் இதற்கு எம்.ஆர்க். 2 என்று பெயர், இரண்டு வருடம். எம்.ஐ.டி.யில் எஸ்.எம்.ஆர்க்.எஸ்., அதுவும் இரண்டு வருடம். கொலம்பியாவில் ஏ.ஏ.டி. என்று மூன்று செமஸ்டர் படிப்பு, கோடையிலேயே தொடங்கிவிடும்.

நம் பி.ஆர்க். (கட்டிடக்கலை இளநிலைப் பட்டம்) ஐந்து வருடத் தொழில்முறைப் பட்டம். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை முடித்து கவுன்சில் ஆஃப் ஆர்கிடெக்சரில் பதிவு செய்தால் நீங்கள் ஆர்கிடெக்ட். அப்படிப்பட்டவர் முதல் வகையில் போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும்?

கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு நடந்ததைச் சொல்கிறேன். வீட்டில் மஞ்சளும் கரும்பும் வெள்ளாமை. கல்லூரியில் நல்ல கை. அவள் வரைந்த, கட்டிடத்தின் குறுக்குவெட்டுப் படமான செக்‌ஷனை ஜூனியர்கள் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஒரு கன்சல்டன்சி அவளை மூன்று வருடப் படிப்பில் சேர்த்துவிட்டது. "எம்.ஆர்க். கிடைச்சிருச்சு" என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அங்கே போய் முதல் செமஸ்டரில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது பிளான் எப்படி வரைவது, ஸ்கேல் என்றால் என்ன, மாடலுக்கு அட்டை வெட்டுவது எப்படி என்பதைத்தான். இங்கே முதல் வருடத்தில் ராத்திரி கண்விழித்துச் செய்ததை டாலர் கொடுத்துத் திரும்பச் செய்தாள். ஒரு முழு வருடத்தின் கட்டணமும் வாடகையும் சாப்பாட்டுச் செலவும் அப்படியே போயின. அவளுடைய அப்பா என்னிடம் கேட்டார்: "ஏனுங்க அம்மிணி, அஞ்சு வருசம் படிச்சதையே மறுக்காப் படிக்கறதுக்கா இத்தன காசு?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பெண்ணுக்கு ஒரு வழி இருந்தது. பல கல்லூரிகள் பி.ஆர்க். முடித்தவர்களை முதல் வகைப் படிப்பின் இரண்டாம் வருடத்திலேயே சேர்த்துக்கொள்ளும்; அட்வான்ஸ்டு ஸ்டாண்டிங் என்பார்கள். போர்ட்ஃபோலியோவையும் (செய்த வேலைகளின் தொகுப்பு) பாடத்திட்டத்தையும் பார்த்து, சேர்வதற்கு முன்பே முடிவு செய்வார்கள். வகுப்பு தொடங்கிய பிறகு இவள் போய்க் கேட்டாள், முடியாது என்றுவிட்டார்கள். இதை முன்கூட்டியே அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லவில்லை. பல ஏஜென்சிகளுக்குப் பல்கலைக்கழகத்திடமிருந்து கமிஷன் வருகிறது. ஆலோசனை இலவசம் என்று ஒருவர் சொன்னால், அவருக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று நேராகவே கேளுங்கள்.

அதற்காக எல்லோரும் இரண்டாம் வகைக்கே போங்கள் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவிலேயே தங்கி உரிமம் வாங்கி ஆர்கிடெக்ட்டாக வேலை செய்ய நினைப்பவர் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. அங்கே பல மாநிலங்கள், கட்டிடக்கலைப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்பான என்.ஏ.ஏ.பி.யின் அங்கீகாரம் பெற்ற பட்டத்தைக் கேட்கும். முதல் வகைக்கு அந்த அங்கீகாரம் இருக்கும்; இரண்டாம் வகைக்குப் பெரும்பாலும் இருக்காது. இந்தியப் பட்டத்தை, வெளிநாட்டுப் பட்டங்களை எடைபோடும் ஈ.ஈ.எஸ்.ஏ. மதிப்பீட்டுக்கு அனுப்பியும் போகலாம், ஆனால் அதை எல்லா மாநிலமும் ஒரே மாதிரி ஏற்பதில்லை. எந்த வழியில் போனாலும் 3,740 மணி நேர வேலை அனுபவமும் (ஏ.எக்ஸ்.பி.) உரிமத் தேர்வுகளும் (ஏ.ஆர்.இ.) உண்டு. திரும்பி வந்து கோவையிலோ திருப்பூரிலோ பிராக்டீஸ் செய்யப் போகிறவருக்கு இந்த அங்கீகாரத்தால் ஒரு பயனும் இல்லை. எங்கே வேலை செய்யப் போகிறோம் என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்த பிறகுதான் கல்லூரிப் பட்டியலைக் கையில் எடுக்க வேண்டும். நடப்பது எப்போதும் தலைகீழாகத்தான்.

லண்டனிலும் இதே சிக்கல். யு.சி.எல். பல்கலைக்கழகத்தின் பார்ட்லெட் பள்ளியில் 'ஆர்கிடெக்சர் எம்.ஆர்க்.' என்பது, பிரிட்டனில் ஆர்கிடெக்ட் ஆவதற்கான படிகளில் ஒன்றான ஆர்.ஐ.பி.ஏ. பார்ட் 2 தகுதி தரும் படிப்பு. 'ஆர்கிடெக்சரல் டிசைன் எம்.ஆர்க்.' அந்தத் தகுதியைத் தராது. இரண்டும் நல்ல படிப்புகள்தாம், போய்ச் சேரும் இடம் வேறு.

சி.ஐ.பி. எண்ணை ஐ-20 வந்த பிறகு பார்ப்பது

அமெரிக்காவில் படிப்பு முடிந்ததும் எல்லோருக்கும் 12 மாத ஓ.பி.டி. (அங்கேயே வேலை செய்ய அனுமதி) உண்டு. ஸ்டெம் பட்டியலில் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சார்ந்தவை) உள்ள படிப்பு என்றால் மேலும் 24 மாதம். படிப்புகளை வகைப்படுத்தும் எண்தான் சி.ஐ.பி.; ஆர்கிடெக்சர் என்று பொதுவாக வகைப்படுத்திய படிப்பின் எண் 04.0201, அது ஸ்டெம் பட்டியலில் இல்லை. கட்டிட அறிவியல், தொழில்நுட்பம் சார்ந்த 04.0902 இருக்கிறது. சில கல்லூரிகள் தங்கள் எம்.ஆர்க்.கை இந்த இரண்டாவது எண்ணில் வைத்திருக்கின்றன. 12 மாதத்துக்கும் 36 மாதத்துக்கும் உள்ள வித்தியாசம், கடனை டாலரில் அடைப்பதற்கும் ரூபாயில் அடைப்பதற்கும் உள்ள வித்தியாசம். விசாவுக்காகக் கல்லூரி அனுப்பும் ஐ-20 படிவத்தில் இந்த எண் அச்சாகி வரும், ஆனால் அதற்குள் பெரும்பாலும் டெபாசிட் கட்டியிருப்பீர்கள். அட்மிஷன் மெயில் வந்த அன்றே பதில் எழுதிக் கேளுங்கள். என்.ஏ.ஏ.பி. கேள்வியையும் எத்தனை செமஸ்டர் என்ற கேள்வியையும் அதே மெயிலில் சேர்த்துவிடுங்கள்.

பார்க்காத ஊருக்கு மியூசியம் வரைந்து அனுப்புவது

காங்கேயம் பக்கத்துத் தம்பி ஒருவன், தன் ஊரில், நடுவில் முற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீடு ஒன்றை அளந்து வரைந்திருந்தான். தூணின் அடிக்கல், ஓட்டுக்குக் கீழே சட்டம், மழைத்தண்ணீர் வெளியேறும் தூம்பு எல்லாம் அதில் இருந்தன. மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் கிளுவை வேலி எப்படி மேய்ச்சலைப் பிரிக்கிறது என்று ஒரு ஷீட்டும் போட்டிருந்தான். போர்ட்ஃபோலியோவில் இரண்டுமே இல்லை. "அது லோக்கல் வொர்க் அக்கா" என்றான். அந்த இடத்தில் வளைந்து நெளிந்த ஒரு மியூசியத்தின் ரெண்டர்கள் எட்டுப் பக்கத்துக்கு இருந்தன. அந்தப் பக்கங்களை எடுக்கவைத்து, அளந்து வரைந்ததை முன்னால் வைக்கச் சொன்னேன்.

தேர்வுக்குழுவில் இருப்பவர்கள் பிளானையும் செக்‌ஷனையும் வாசிக்கிறவர்கள். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு, பழைய நூற்பாலைகளில் இருப்பது போல ரம்பப்பல் கூரை போட்டு 'நார்த் லைட்' (நேர் வெயில் இல்லாத வடக்கு வெளிச்சம்) என்று எழுதியிருந்தாள் ஒரு மாணவி. நேர்காணலில் ஒரே கேள்வி: ஜூனில் உங்கள் ஊரில் நடுப்பகல் சூரியன் எந்தப் பக்கம்? திருப்பூர் 11 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், வடக்குக் கண்ணாடி வழியாகவே வெயில் உள்ளே இறங்கும். மேலே ஒரு சிறு வெயில் மறைப்பு வரைந்திருந்தால் போதும். அவள் திகைத்துப்போனாள். வரைந்த ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் சொல்ல முடிகிறதா என்று அனுப்புமுன் பாருங்கள்.

குழுவாகச் செய்த வேலையில் உங்கள் பங்கு எது என்று அந்தப் பக்கத்திலேயே எழுதுங்கள். பயிற்சிக்குப் போன அலுவலகத்தின் டிராயிங்கை அனுமதி இல்லாமல் போடவே கூடாது.

மூன்று பரிந்துரைக் கடிதத்தையும் நீங்களே எழுதுவது

நடை ஒன்றாகவே இருக்கும், படிப்பவர் இரண்டாம் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

ஜெர்மனியில் எல்லாம் இலவசம் என்று நம்புவது

ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-25 குளிர்கால செமஸ்டரிலிருந்து வாங்கத் தொடங்கிவிட்டது. கட்டணம் இல்லாத இடத்திலும் விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சமாகவே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) வருடத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு, கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் கட்டாயம். அது வராமல் விசா வேலை நகராது.

பாஸ்போர்ட்டில் பெயர்

மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி. இப்படிப் போனால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும். தேர்வுக்குப் பதிவு செய்யும் முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்துங்கள்.

தோட்டத்தை நம்பிக் கடன் கணக்குப் போடுவது

பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு, தாராபுரத்தில் கிணற்றோடு நாலு ஏக்கர். "கடனுக்கென்ன கவலைங்க" என்பார்கள். பெரும்பாலான வங்கிகள் கல்விக்கடனுக்கு விவசாய நிலத்தை அடமானமாக எடுப்பதில்லை. அடமானச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழி செய்யும் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டத்தின் 31ஆம் பிரிவு விவசாய நிலத்துக்கு விலக்கு தருகிறது. கடன் நின்றுபோனால் அந்தச் சட்டத்தின்படி வங்கியால் நிலத்தில் கை வைக்க முடியாது. அதனால் வீடு, ஃபிளாட், அங்கீகரித்த மனை என்றுதான் கேட்பார்கள். இது தெரியவரும்போது மே மாதம் ஆகியிருக்கும், பிறகு வட்டிக்கு வாங்க ஓடுவார்கள்.

விண்ணப்பம் போடும் அக்டோபர், நவம்பரிலேயே மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, கட்டிட அனுமதி வரைபடம் மூன்றையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய்க் கேளுங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரிலோ, பங்காளிகளோடு கூட்டாகவோ இருந்தால் வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை என்று மாதக்கணக்கில் இழுக்கும். அதை முதலில் தொடங்குங்கள், போர்ட்ஃபோலியோ வேலை பக்கத்திலேயே ஓடட்டும்.